எட்டு வருடக் கணக்கு எந்த வருடத்தில் தொடங்குகிறது?

கண்டியில் குடல் வைத்தியரை முதல் தடவை பார்த்த அன்று, வலி எங்கே, ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது என்றெல்லாம் கேட்பார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் கேட்டது வேறு. "முதன்முதலா இரத்தம் போனது எந்த வருஷம்?" எனக்குக் குடல் அழற்சி நோயைக் கண்டுபிடித்த வருடத்தைச் சொன்னேன். "அது ரிப்போர்ட்டிலயே இருக்கு. அதுக்கு முன்னால?" என்றார். யோசித்துப் பார்த்தால் உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம் ஞாபகத்துக்கு வருகிறது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசியில் ஆறு குடும்பத்துக்குப் பொதுவாக இருந்த கக்கூஸ், கையில் டோர்ச், கீழே சிவப்பு. அதற்கும் நோய்க்குப் பெயர் கிடைத்ததற்கும் இடையில் ஐந்து வருடம். அவர் அந்தப் பரீட்சை வருடத்தைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி அடியில் கோடு போட்டார்.

அந்த ஐந்து வருடத்தை எங்கள் வீட்டில் மூலம் என்று சொல்லியே கடத்தினோம். உடம்புச் சூடு, மிளகாய் அதிகம், பரீட்சைக்காகக் கண் முழித்தது என்று ஆளுக்கொரு காரணம் இருந்தது. துத்தி இலை வதக்கித் தந்தார்கள், வெந்தயம் ஊறவைத்துத் தந்தார்கள், டிஸ்பென்சரியில் பூச்சி மருந்தும் வயிற்றுக்கடுப்புக்கு மாத்திரையும் தந்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. மலையகத்தில் வயிற்றால் போவது அப்படியொன்றும் அபூர்வமான விஷயமில்லை, தண்ணீர் கலங்கினால் ஒரு லயமே படுத்துக்கொள்ளும். அதற்கு நடுவில் ஒருவனுக்கு மட்டும் மாதக்கணக்கில் இரத்தமும் சளியும் போகிறது என்பதை யார் தனியாகக் கவனிக்கப் போகிறார்கள்?

சரி, பெருங்குடல் புற்றுநோய்க் கண்காணிப்பில் அந்தக் கோடு எதற்கு என்று பார்ப்போம்.

குடல் அழற்சி நோய் என்ற பெயருக்குள் முக்கியமாக இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். இது பெருங்குடலின் உள்தோலை மட்டும் பிடிக்கும், மலவாசல் பக்கத்தில் தொடங்கி மேலே ஏறும், சிலருக்குக் கொஞ்ச தூரத்தோடு நின்றுவிடும், சிலருக்குப் பெருங்குடல் முழுவதும் போகும். மற்றது குரோன்ஸ். வாயிலிருந்து மலவாசல் வரை எங்கு வேண்டுமானாலும் வரும், விட்டு விட்டு வரும், குடல் சுவரின் முழுக் கனத்தையும் துளைக்கும். இரண்டும் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி நம் குடலோடேயே சண்டை போடுவதால் வருபவை, தொற்று நோய்கள் அல்ல. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள்: ஐபிஎஸ் என்று டொக்டர் எழுதியிருந்தால் அது வேறு. அதில் வயிறு பொருமும், பிசையும், ஓடும், ஆனால் குடலில் புண் இருக்காது, புற்றுநோய் ஆபத்தும் அதனால் கூடாது. ஐபிடி, அதாவது குடல் அழற்சி நோய், என்று எழுதியிருந்தால்தான் இந்தக் கட்டுரை உங்களுக்கு. ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இலங்கையில் இது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் ஆஸ்பத்திரிப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010ல் வெளிவந்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஒரு லட்சம் பேரில் 5.3, குரோன்ஸ் 1.2. மேல் நாட்டுக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் இது மிகக் குறைவு. ஆனால் அது ஆஸ்பத்திரிக்கு வந்து பெயர் கிடைத்தவர்களின் கணக்கு. மூலம் என்று சொல்லிக்கொண்டு துத்தி இலை வதக்குகிறவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள், நானும் ஐந்து வருடம் எந்தக் கணக்கிலும் இல்லாமல்தான் இருந்தேன்.

இனிப் புற்றுநோய். நம் பக்கத்தில் புற்றுநோய் என்றாலே வெற்றிலை, புகையிலை, வாய்ப்புண், மகரகம ஆஸ்பத்திரி என்றுதான் மனம் ஓடும். வயிற்றுக்குள் வருடக்கணக்காக ஆறாமல் இருக்கும் புண் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. ஆனால் வாயில் ஓயாமல் உரசும் புண்ணைப் பார்த்துப் பயப்படத் தெரிந்த நமக்கு இது புரியாத விஷயமில்லை. குடலின் உள்தோல் சாதாரணமாகவே சில நாட்களுக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாக வளர்வது. அழற்சி இருந்தால் அது அவசர அவசரமாக, திரும்பத் திரும்ப வளர வேண்டியிருக்கிறது. அவசரத்தில் எழுதினால் எழுத்துப் பிழை வரும், அவ்வளவுதான். அதோடு அழற்சி நடக்கும் இடத்தில் சுரக்கும் இரசாயனங்கள் மரபணுவையே நேராகச் சேதப்படுத்தும். இந்தப் பிழைகள் சேர்ந்து செல்களின் உருவமே மாறத் தொடங்கும் கட்டத்துக்குத்தான் டிஸ்பிளேசியா என்று பெயர். அது இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆனால் அந்தப் பாதையில் கால் வைத்துவிட்டது. உங்கள் பயொப்சி ரிப்போர்ட்டில், அதாவது குடலில் கிள்ளி எடுத்த துண்டைப் பரிசோதித்த ரிப்போர்ட்டில், வேறு எந்தச் சொல் புரியாவிட்டாலும் பரவாயில்லை, இந்தச் சொல் இருக்கிறதா, அதற்கு முன்னால் 'இல்லை' என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் யாரையாவது வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு வரும் பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு பொலிப்பில், அதாவது ஒரு சின்ன மொட்டில், தொடங்குகிறது. மொட்டு எழும்பி நிற்கும், கமராவில் தெரியும், வெட்டி எடுத்தால் கதை முடிந்தது. கொலைட்டிஸ்காரருக்கு அது பல சமயம் தட்டையாக, சுற்றியிருக்கும் தோலோடு தோலாக வரும். பி53 என்று ஒரு மரபணு இருக்கிறது, செல்களின் காவல்காரன் மாதிரி. மற்றவர்களில் அது கடைசிக் கட்டத்தில்தான் கெடும், நம்மில் ஆரம்பத்திலேயே கெட்டுவிடுகிறது. மேலும் கெடுதல் ஒரே புள்ளியில் நிற்பதில்லை. ஒரு தேயிலைச் செடியில் பிளிஸ்டர் என்கிற கொப்புள நோயைக் கண்டால் அந்தச் செடியை மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள், அந்த மலை முழுவதையும் பார்ப்பார்கள் இல்லையா, அதே கதைதான் இங்கேயும். அழற்சி பட்ட இடம் முழுவதும் சந்தேகத்துக்குரிய இடம்.

கொலைட்டிஸில் புற்றுநோய் வந்த ஒருவரைப் பற்றி குரோன் என்ற அமெரிக்க வைத்தியரும் இன்னொருவரும் 1925லேயே எழுதிவிட்டார்கள். இதே குரோன்தான் 1932ல் வேறு இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையால் குரோன்ஸ் நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்தவர். ஆக தொடர்பு இருக்கிறது என்பது நூறு வருடமாகத் தெரிந்த சங்கதி. எவ்வளவு என்பதில்தான் சண்டை.

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது 2, 8, 18 என்ற மூன்று எண்கள். 2001ல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின் கணக்கு அது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வந்து 10 வருடத்தில் நூறில் 2 பேருக்கும், 20 வருடத்தில் 8 பேருக்கும், 30 வருடத்தில் 18 பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வரும் என்று அது சொன்னது. அதை நான் வாசித்தது ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு, தனியாக. அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தத் தொகுப்பில் பழைய காலத்து ஆய்வுகள் நிறைய, அவற்றில் பல பெரிய ஆஸ்பத்திரிகளில் இருந்து வந்தவை, பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறவர் நோய் முற்றியவர்தானே. லண்டனில் குடல் நோய்க்கென்றே பேர்போன சென்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில், ஒழுங்காகக் கொலனோஸ்கொபி (மலவாசல் வழியாகக் கமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது, சுருக்கமாக ஸ்கோப்) செய்து கண்காணிக்கப்பட்ட 600 பேரின் கணக்கு 2006ல் வந்தது: 20 வருடத்தில் நூறில் 2.5, 30 வருடத்தில் 7.6, 40 வருடத்தில் 10.8. டென்மார்க், சுவீடன் இரண்டு நாடுகளும் 96,447 அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்காரரைப் பல பத்து வருடங்கள் பின்தொடர்ந்து 2020ல் வெளியிட்ட கணக்கு இன்னும் ஆறுதலானது. ஆயிரம் நோயாளிகளை ஒரு வருடம் பார்த்தால் சுமார் 1.3 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய், நோய் இல்லாத ஆயிரம் பேரில் 0.8. கூடுதல்தான், ஆனால் 18 என்று படித்துவிட்டு உயில் எழுத உட்காரும் அளவுக்கு இல்லை. பழைய காலத்தோடு பார்த்தால் இந்த வித்தியாசம் இப்போது குறைந்துகொண்டும் வருகிறது.

ஆனால் சராசரி என்பது ஒரு மாதிரி ஏமாற்று வேலை. எல்லோருக்கும் ஒரே ஆபத்து கிடையாது. சுவீடனில் மூவாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து 1990ல் வந்த ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது: மலவாசல் பக்கத்தோடு நின்றவர்களுக்கு மற்றவர்களைவிட 1.7 மடங்கு, இடது பக்கப் பெருங்குடல் வரை போனவர்களுக்கு 2.8 மடங்கு, பெருங்குடல் முழுவதும் பிடித்தவர்களுக்கு 14.8 மடங்கு. அதனால்தான் மலக்குடலோடு மட்டும் நின்றவர்களுக்கு இந்தக் கண்காணிப்பு ஸ்கோப்பே தேவையில்லை என்று இன்றைய வழிகாட்டல்கள் சொல்கின்றன. உங்கள் நோய் எதுவரை போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி அது. முதல் கேள்வி வருடம், அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நோய் எத்தனை வருடம், எதுவரை என்பதோடு வேறு சில சங்கதிகளும் ஆபத்தைக் கூட்டும். அழற்சி அடங்காமல் நுண்ணோக்கியில் பார்க்கும்போதெல்லாம் கனன்றுகொண்டே இருப்பது. குடல் ஓரிடத்தில் சுருங்கிப் போவது. தாய், தகப்பன், கூடப்பிறந்தவர் யாருக்காவது, அதிலும் 50 வயதுக்கு முன்னால், பெருங்குடல் புற்றுநோய் வந்திருப்பது. எல்லாவற்றையும்விடப் பெரியது பிஎஸ்சி என்று சுருக்கமாகச் சொல்லும் பித்தக் குழாய் நோய். கொலைட்டிஸ் உள்ளவர்களில் சிறு பகுதியினருக்கு அது வரும், வந்தால் எட்டு வருடம் காத்திருக்கும் கணக்கெல்லாம் கிடையாது, கண்டுபிடித்த நாளிலிருந்தே வருடத்துக்கு ஒரு ஸ்கோப். ஈரல் இரத்தப் பரிசோதனை எதற்கு அடிக்கடி எடுக்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

மற்றவர்களுக்கு முதல் அறிகுறி கண்டதிலிருந்து எட்டு வருடம் ஆனதும் ஒரு கண்காணிப்புக் கொலனோஸ்கொபி. அதில் என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்து அடுத்தது ஒரு வருடத்திலா, மூன்று வருடத்திலா, ஐந்து வருடத்திலா என்று முடிவாகும். பெருங்குடலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்த குரோன்ஸுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். கோடு போட்ட விஷயம் இப்போது விளங்கியிருக்கும். நோய்க்குப் பெயர் கிடைத்த நாளிலிருந்து எண்ணியிருந்தால் என் முதல் ஸ்கோப் ஐந்து வருடம் பிந்தியிருக்கும்.

இதில் மனிதர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு, நானும் சறுக்கினேன். ஸ்கோப்புக்குக் கூப்பிடும் நேரம் பார்த்து உடம்பு நன்றாக இருக்கும். இரத்தம் இல்லை, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் போகிறது, ரொட்டியும் கட்டச்சம்பலும்கூடச் செரிக்கிறது, பிறகு எதற்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கண்டிக்குப் போக வேண்டும்? ஆனால் நன்றாக இருக்கும்போதுதான் அதைச் செய்ய வேண்டும். குடல் சிவந்து புண்ணாக இருக்கும் சமயத்தில் பார்த்தால் அழற்சியால் மாறிய செல் எது, டிஸ்பிளேசியா எது என்று பிரித்தறிவது நோயியல் நிபுணருக்கே கஷ்டம். அதோடு அறிகுறி வரட்டும், பிறகு போகலாம் என்று இருக்க முடியாத நோய் இது. பெருங்குடல் புற்றுநோயின் அறிகுறிகள் என்ன? இரத்தம் போவது, மலம் போகும் விதம் மாறுவது, இரத்தசோகை, மெலிவு. இதெல்லாம் நமக்கு எப்போதும் இருப்பதுதானே. திருடன் வீட்டு ஆளின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால் நாய் குரைக்காது.

அடுத்தது குடலைக் கழுவும் படலம். வைத்தியப் புத்தகங்களில் இது ஒரு வரியில் முடிந்துவிடும், மலையகத்தில் இதுதான் முழுப் பிரச்சினையே. தட்டையான ஒரு திட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் குடல் பளிச்சென்று இருக்க வேண்டும், கீரையும் விதையும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்கோப் செய்தும் செய்யாத மாதிரித்தான். இரண்டு மூன்று நாளைக்கு முன்பிருந்தே கீரை, பயறு, விதையுள்ள பழம், குரக்கன் எல்லாம் நிறுத்த வேண்டும். முதல் நாள் தெளிந்த நீராகாரம் மட்டும். பால் போடாத பிளேன்டீ தாராளமாகக் குடிக்கலாம், உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுத்த சனங்களுக்கு இந்த ஒரு சலுகையாவது இருக்கிறதே. அப்புறம் லீட்டர் கணக்கில் அந்த மருந்துத் தண்ணீர். பாதியை முதல் நாள் மாலையிலும் மீதியை ஸ்கோப் அன்று விடியற்காலையிலும் குடித்தால் குடல் இன்னும் நன்றாகச் சுத்தமாகும்.

இப்போது இதை ஒரு லயத்துக் காம்பராவில் வைத்துக் கற்பனை செய்து பாருங்கள். கக்கூஸ் வெளியே, சில இடங்களில் இன்னும் பொது. மழை, இருட்டு, சில தோட்டங்களில் சிறுத்தைப் பயம் வேறு. ராத்திரி பதினைந்து தடவை எழும்பி ஓட வேண்டும், விடியற்காலை மீதியைக் குடித்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் ஏறி கினிகத்தேனை வளைவுகளில் உட்கார்ந்திருக்க வேண்டும். முடியாது. பலர் மருந்தைப் பாதி குடித்துவிட்டு ஊற்றிவிடுவது சோம்பலால் இல்லை. எனக்குக் கிடைத்த வழி எளிமையானது: என் வீட்டு நிலைமையைக் கூச்சப்படாமல் சொல்லி, முதல் நாளே வார்டில் அனுமதிக்கச் சொல்லிக் கேட்டேன். செய்தார்கள். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. சுத்தமாகவில்லை என்று திருப்பி அனுப்பினால் அடுத்த திகதிக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியும்தானே.

உள்ளே கமரா போன பிறகு நடப்பது சுவாரசியமானது. முன்பெல்லாம் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை நாலு பக்கத்திலும் கிள்ளி, முப்பதுக்கு மேல் துண்டுகள் எடுப்பார்கள், குருட்டாம்போக்கில். இப்போது வசதியுள்ள இடங்களில் நீலச் சாயம் தெளித்துப் பார்க்கிறார்கள். மெதிலீன் புளூ, இன்டிகோ கார்மைன் என்று இரண்டு சாயங்கள். சாயம் பட்டதும், சாதாரண வெளிச்சத்தில் ஒளிந்திருந்த திட்டின் ஓரம் கோடு போட்ட மாதிரித் தெரியும். அப்படித் தெரிந்த திட்டை முழுமையாக வெட்டி எடுக்க முடிந்தால், எடுத்துவிட்டு அடிக்கடி ஸ்கோப் செய்து பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து எடுத்த துண்டில் டிஸ்பிளேசியா வந்தாலோ, பல இடங்களில் வந்தாலோ, பெருங்குடலையே எடுத்துவிடும் பேச்சு வரும். மலம் சேர வயிற்றுக்கு வெளியே பை வைப்பார்கள் என்றதும் ஓடிப்போகிறவர்கள் உண்டு. சிறுகுடலின் முனையையே ஒரு பை மாதிரி மடித்து உள்ளே பொருத்தும் அறுவைச் சிகிச்சை 1978லிருந்தே இருக்கிறது, எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் கேட்டுப் பார்க்காமல் ஓட வேண்டியதில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். அழற்சியை அடக்கத் தரும் மெசலசின், சல்பசலசின் புற்றுநோயை நேராகத் தடுக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, ஆனால் அழற்சி அடங்கியிருந்தால் ஆபத்து குறைகிறது என்பதில் முரண்பாடு இல்லை, எனக்கு அது போதும். 2022ல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது நான் மாத்திரையை நாள் விட்டு நாள் போட்டேன், நாலாவது மாதம் மறுபடி இரத்தம். மேல் வலி, இடுப்பு வலி என்று கொழுந்துக் கூடை சுமக்கிறவர்கள் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபெனாக் மாதிரி வலி மாத்திரைகளும் நோயைக் கிளப்பிவிடலாம், டொக்டரிடம் கேட்காமல் வேண்டாம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசத்தயோப்ரின் போடுகிறவர்கள் 'இந்த மாத்திரையே புற்றுநோய் கொண்டுவரும்' என்று யாரோ சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அதில் பாதி உண்மை. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் ஆபத்தை அது ஐந்து மடங்கு கூட்டுவதாகப் பிரான்ஸில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் கூட்டிய பிறகும் அது வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அடங்காத குடல் அதைவிட மோசமான பங்காளி. பெண்கள் மட்டும் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து போடுகிறவர்கள் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைத் தவற விடக்கூடாது. மருத்துவமாது வந்து கூப்பிட்டால் வெட்கத்தைப் பார்க்காமல் போய்விட்டு வாருங்கள்.

என் ரிப்போர்ட்டுகள் எல்லாம் அடையாள அட்டைக் கொப்பியோடும் பிறப்புச் சான்றிதழோடும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கின்றன, தகரம் ஒழுகினாலும் நனையாத இடத்தில். வார்டில் பழைய டிக்கெட்டை, அதாவது நோயாளிப் பதிவை, தேடி எடுப்பதைவிட அது வேகம்.

போன மாதம் கீழ் லயத்து அண்ணன் ஒருவர் வந்தார், என் நோய்தான் அவருக்கும், குடல் முழுவதும். எப்போதிருந்து என்று கேட்டேன். "ஒரு மூணு வருஷமா இருக்கும் தம்பி, கிளினிக் கொப்பி போட்டதுல இருந்து" என்றார். அதற்கு முன்னால் என்று கேட்டால் இல்லவே இல்லை என்கிறார். அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது: "ஏன் இல்ல? மீரியபெத்த மண்சரிவு நியூஸ் டீவியில போறப்ப நீங்க கக்கூசுக்கும் வீட்டுக்கும் ஓடிக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

மீரியபெத்த மண்சரிவு 2014 ஒக்டோபர். எட்டு வருடம் 2022லேயே முடிந்துவிட்டது. கொப்பியின் முதல் பக்கத்தில் அந்த வருடத்தை எழுதி அடியில் கோடு போட்டுக் கொடுத்தேன். அண்ணன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஸ்கோப்புக்கு முதல் நாள் பிளேன்டீ குடிக்கலாந்தானே?" என்று கேட்டார். குடிக்கலாம் அண்ணே, பால்தான் கூடாது என்றேன்.